சிரட்டைக் கஞ்சி

வைகாசி பிறந்தால் வன்னியின் சந்திகளில் சிரட்டையில் கஞ்சி வார்க்கிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் மக்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்த உப்புக் கஞ்சியின் நினைவு அது. அண்மையில் புதுக்குடியிருப்பில் அந்த வரிசையில் நின்றபோது சின்னம்மாவின் ஞாபகம் வந்தது.

சின்னம்மாவுக்கு இளவயதிலிருந்தே சலரோகம். ஊசியின்றி வாழ இயலாத வகை. மின்சாரமில்லாத வீட்டில், ஈரமணல் இட்ட மண்பானைக்குள் இன்சுலின் போத்தலை வைத்துக் காத்தார். வவுனியாவிலிருந்து எவராவது கொண்டுவந்தால்தான் மருந்து. 2009 மாசியில் அதுவும் தீர்ந்தது. 1922இல் ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்ட மருந்து, 87 ஆண்டுகளின் பின்னும் எங்களுக்கு எட்டவில்லை.

எங்களுக்கு வாய்த்த கஞ்சியே அவருக்கும் வாய்த்தது. நாங்கள் பசியால் மெலிந்தோம். அவரோ குடித்ததும் உடம்பில் ஒட்டாமல் என்புக்கூடானார். ஓயாது தண்ணீர் கேட்டார்.

கலைப்பட்டதாரியான எனக்கு இதன் காரணம் பிந்தித்தான் விளங்கியது. கஞ்சியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாகிக் குருதியில் சேர்கிறது. சதையி சுரக்கும் இன்சுலின் வந்து சொன்னால்தான் தசைக் கலங்களும் கொழுப்புக் கலங்களும் அதற்குத் தாராளமாக வாசல் திறக்கும். ஈரலும் மிஞ்சியதைக் கிளைக்கோசனாகச் சேமிக்கும். மூளை மட்டும் இன்சுலினுக்குக் காத்திராமல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இன்சுலின் இல்லையேல் குருதியில் சீனி நிறைந்திருக்கக் கலங்கள் பட்டினி கிடக்கும். உடலில் பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணியதுபோல், ஈரல் கரையும் தசையிலிருந்தும் புதிதாகச் சீனி செய்து கொட்டும். மிகுந்த சீனி நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீராய்ப் போகும், தாகம் அதனால். கொழுப்பு கட்டின்றிக் கரைய, குருதி அமிலமாகும். கடைசி நாட்களில் சின்னம்மாவின் மூச்சில் வீசிய பழவாசம் அதுதான்.

பாதை அடைபட்டதால், கொழும்பில் களஞ்சியங்கள் நிறைந்திருக்க வன்னியில் பிள்ளைகள் பசித்திருந்ததைப் பத்திரிகையில் எழுதியவன் நான். அதுவே ஓர் உடம்புக்குள்ளும் நிகழுமென்று அப்போது அறியேன்.

புதுமாத்தளனிலிருந்து நோயாளரை ஏற்றிய கப்பலில் அவரையும் அனுப்ப முயன்றோம். கரையில் கிடந்த காயக்காரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "அதுகள் போகட்டும்" என்றார். பங்குனி பிறக்குமுன் போய்விட்டார்.

இப்போது எனக்கும் சீனி வருத்தம். ஆனால் வேறு வகை: இன்சுலின் சுரக்கிறது, கலங்கள்தாம் அதன் சொற்கேட்பதில்லை. கஞ்சி வார்த்த பெண்ணிடம் அரைச் சிரட்டை போதுமென்றேன். "ஐயா, இதைக் குறைச்சு வாங்கக்கூடாது" என்று நிறைய வார்த்தாள். முழுவதும் குடித்தேன். இரண்டு மணித்தியாலத்தின் பின் வீட்டில் சோதித்தபோது கருவி 214 காட்டியது.