வேலி இல்லாத லயம்

மலேசியாவின் சிலாங்கூரில் புக்கிட் ரோத்தான் பக்கம் போனால் இப்போது கண்ணுக்கு எட்டின வரை செம்பனைதான். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயம் நின்ற இடத்தில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு, பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரக் காட்டின் ஈர வாசம், மாரியம்மன் கோயில் திருவிழா என எல்லாவற்றுக்கும் மனம் ஏங்கும். அதையெல்லாம்விட நான் ஏங்குவது, பிறக்கும் முன்பே நாங்கள் இழந்துவிட்ட ஒன்றுக்கு. நாலு பேர் கூடி நின்று உரக்க நியாயம் கேட்கும் துணிச்சல் அது.

1941இல் அது இருந்தது. கிள்ளானில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்களில் பரவியது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், பேசவும் கூட்டம் கூடவும் உரிமை வேண்டும் என்றார்கள் நம் தமிழ்த் தொழிலாளர்கள். அப்போது நாட்டை ஆண்ட பிரிட்டனுக்கோ போருக்கு ரப்பர் வேண்டும். வேலைநிறுத்தத் தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். மே மாதம் அவசரநிலை வந்தது, பின்னாலேயே பட்டாளமும் வந்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளோடு போர். மறுபடியும் அவசரகாலம், ஊரடங்கு, விசாரணையில்லாத சிறை. அந்த டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே பிடிபட்டார். கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, 1949 மே 4 அன்று புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்த அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதையும், பால் வெட்டப் போகிறவர்களிடம் சோறு இருக்கிறதா என்று வேலி வாசலில் தடவிப் பார்த்ததையும் பாட்டி சொல்லுவார். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். கணபதி பேச்சு வந்தால் மட்டும் பாட்டியின் குரல் இறங்கிவிடும். அவசரகாலம் 1960இல் முடிந்தது. அதே ஆண்டு, விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் அதிகாரம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக மறுபடி வந்து, 2012 வரை இருந்தது. வேலியைப் பிரித்த பிறகும் எங்கள் வீட்டில் பெரியவர்கள் சங்கம், சம்பளம் என்றால் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்கள்.

பால்மரமும் லயமும் திரும்பாது என்பது எனக்குத் தெரியும். சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் குரல் திரும்பலாம். அதற்காகவே நாதன், கணபதி பெயர்களை என் பிள்ளைகளிடம் கதவைத் திறந்துவைத்து, உரக்கச் சொல்கிறேன்.