ராணி வைத்த வெந்நீர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாமென்று பாயை விரித்தேன். பேத்தி விடுவாளா? ஆங்கிலப் பயிற்சித் தாளும் கையுமாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்து விட்டாள்.

"அம்மிச்சி, இந்தப் பத்தியைப் படிச்சுட்டு அஞ்சு கேள்விக்குப் பதில் எழுதோணுமுங்க. யாரோ ஒரு ராணி அழுதுட்டே இருக்கறாங்க!"

வாங்கிப் பார்த்தேன். அந்த 'யாரோ ஒரு ராணி' விக்டோரியா மகாராணி! கோவைக்காரர்களுக்கு அந்த அம்மாள் அந்நியமா என்ன? பெரிய கடை வீதிக்குப் போக 'டவுன்ஹால்' என்று டிக்கெட் வாங்கி இறங்குகிறோமே, அந்த டவுன்ஹால் 1892-ல் அவர் பெயரால் எழும்பியதுதான். உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்க எனக்கு இத்தனை வயது வரை ஒழியவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் கேள்வி கணக்கு. ராணி எத்தனை வருஷம் துக்கம் காத்தார்? கணவர் ஆல்பர்ட் காலமானது 1861 டிசம்பர் 14. அப்போது இருவருக்கும் வயது 42. ராணி கண்ணை மூடியது 1901 ஜனவரி 22. "நாப்பதுங்க" என்றாள் பேத்தி. விரல் விட்டு எண்ணி, முப்பத்தொன்பது வருஷமும் ஒரு மாதமும் என்று திருத்தினேன். அத்தனை காலமும் கறுப்பு உடைதான்.

"எலிசபெத் ராணிக்கு இவ்வளவு நாள் இல்லீங்களே?" என்று கேட்டாள். கேட்க வேண்டியதுதான். 2022 செப்டம்பர் 8-ல் அவர் காலமானதற்கு அரச குடும்பத்தார் துக்கம் காத்தது, 19-ஆம் தேதி நடந்த இறுதிச் சடங்கிலிருந்து ஏழு நாள் வரைதான். நம் நாட்டில்கூட 11-ஆம் தேதி ஒரு நாள் கொடியைத் தாழ்த்திப் பறக்க விட்டார்கள்.

மூன்றாவது கேள்வி, ஜனங்கள் ஏன் கோபித்துக் கொண்டார்கள்? ராணி வெளியே தலை காட்டவே இல்லை. பார்லிமெண்டுக்கும் வருஷக் கணக்கில் போகவில்லை. யாரோ குறும்புக்காரர் அரண்மனை வேலியில் 'வாடகைக்கு விடப்படும்' என்கிற மாதிரி ஒரு விளம்பரத்தையே மாட்டி விட்டாராம்! பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான்காவது கேள்வியில்தான் வந்தது வினை. இறந்து போன கணவர் முகம் மழித்துக் கொள்ள வேண்டுமென்று, தினமும் அவர் அறையில் வெந்நீர் வைக்கச் சொன்னாராம் ராணி. இதிலிருந்து என்ன தெரிகிறது? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"குளிர் ஊருன்னு தெரியுதுங்க" என்றாள் அந்தக் குறும்பி.

'கணவர் இறந்ததை அவர் மனம் ஏற்கவில்லை' என்பதுதான் சரியான விடையாம். எனக்கென்னவோ ஒப்பவில்லை.

என் அப்பா 1966-ல் தவறினார். அம்மாவுக்கு வயது முப்பது, எனக்குப் பத்து. மாமன் கொண்டு வந்த கோடிச் சீலையை அம்மாவின் மேல் போர்த்தினார்கள். அன்று ஏறிய வெள்ளை, கடைசி வரை இறங்கவில்லை. அங்கேயும் விதவைகள் இரண்டு வருஷமாவது கறுப்பு உடுத்துவது வழக்கம்தான். ஆனால் அதற்கு மேல் முப்பத்தேழு வருஷம் உடுத்தியது ராணியின் சொந்த இஷ்டம். 'போதும், வெளியே வாருங்கள்' என்றுதான் ஊர் அவரைக் கேட்டது. என் அம்மாவை ஊர் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு அரிசி புடைப்பார். மணவறைப் பக்கம் வர மாட்டார். துக்கம் யாருடையது, சீலை யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவின் வெற்றிலைப் பெட்டி மட்டும் அம்மாவிடம் இருந்தது. அதிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் தினமும் சாயங்காலம் திறந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். அம்மாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. பதினெட்டு வயதில், காலேஜ் படிக்கிற கர்வத்தில், "யாருக்கு இது? அவர் வரப் போறாரா?" என்று கேட்டு விட்டேன். அம்மா டப்பாவை மூடினார். "வர மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? சுண்ணாம்பு காஞ்சு போயிருமல்ல" என்றார். நான் அப்போது மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னால் கேட்கவும் வாய்க்கவில்லை.

2012-ல் என் வீட்டுக்காரர் காலமானார். பதினாறாம் நாள், பெரியவர்கள் வெள்ளையை எடுத்தபோது கூட்டத்தை விலக்கிக் கொண்டு ஒரு வெள்ளைச் சீலை வந்தது. எழுபத்தாறு வயது அம்மா. "அவளுக்கு வேண்டாம். அந்தக் கத்தரிப்பூச் சீலையே இருக்கட்டும்" என்றார். அம்மா பத்துப் பேர் நடுவே குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

விக்டோரியா மகாராணி மட்டும் கடைசியில் கறுப்பை உதறி விட்டார் தெரியுமோ? தன்னை வெள்ளை உடையும் கல்யாண முக்காடுமாகவே பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார். அரச குடும்பங்களுக்கு வெள்ளையும் பழைய துக்க நிறந்தானாம். 1938-ல், தாயாரை இழந்த துக்கத்தில் பாரீஸுக்குப் போன இன்னொரு ராணி, எலிசபெத் ராணியின் அம்மா, முழுக்க வெள்ளையாகத் தைத்துக் கொண்டு போனார். பாரீஸே பார்த்து மயங்கியதாம்! அதே வெள்ளைதான். நான் அதை வேறு இடத்தில் பார்த்து விட்டேன், மயங்க முடியவில்லை.

"அப்ப நாலாவதுக்கு என்னங்க எழுதறது?"

"மார்க்கு வேணும்னா அவங்க சொன்னதையே எழுது சாமி" என்றேன்.

ஐந்தாவது கேள்வி: 'உங்கள் குடும்பத்தில் ஒருவர் துக்கத்தை எப்படித் தாங்கினார்? மூன்று வாக்கியங்களில் எழுதுக.' நான் சொன்னதையெல்லாம் கேட்டு விட்டுப் பேத்தி வெகு நேரம் எழுதினாள். திடீரென்று பென்சிலைக் கடித்தாள்.

"அம்மிச்சி, சுண்ணாம்புக்கு இங்கிலீஷ்ல 'லைம்'னுதானுங்க? எலுமிச்சம்பழத்துக்கும் அதேதான். டப்பாவில எலுமிச்சம்பழத்துக்குத் தண்ணி ஊத்தினாங்கன்னு மிஸ் நெனச்சுக்குவாங்களே!"

எழுந்து போய்ப் பீரோவிலிருந்து அந்த டப்பாவைக் கொண்டு வந்தேன். உள்ளே எல்லாம் கல்லாகக் கிடந்தது. பேத்தி அதைத் தாளின் ஓரத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டாள்.