வழி கேட்டால் சொல்லத் தெரியுமா?

உங்கள் பிள்ளைகளிடம் ஒரு சிறு கேள்வி கேட்டுப் பாருங்கள். "டவுனிலிருந்து நம் வீட்டுக்கு எப்படி வர வேண்டும்?" பெரும்பாலான பிள்ளைகள் கைத்தொலைபேசியைத்தான் தேடுவார்கள். "அதுதான் வழி காட்டுகிறதே, நாம் ஏன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அறியாத ஊருக்குப் போகும்போது எனக்கும் அதுதான் துணை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

இரவு நேரம். ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஆறாம் ஆண்டு படிக்கும் அவருடைய பேரன் உடனே 999ஐ அழைத்தான். கெட்டிக்காரப் பையன்தான். ஆனால், "எந்த வழியாக வர வேண்டும்?" என்று கேட்டதும் விழித்தான். செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயத்துக்குச் சாலைப் பெயர் ஏது? பாட்டி தொலைபேசியை வாங்கித் தமக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: கோயிலைத் தாண்டி இரண்டாவது பாலம், அங்கே இடப்பக்கம், பழைய ஆலைக்குப் பின்னால் மூன்றாவது லயம். ஆம்புலன்ஸ் நேராக வந்து சேர்ந்தது. பெரியவர் பிழைத்தார்.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். பால்மரம் சீவியவர். விடியுமுன் தலைவிளக்கோடு கிளம்பி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மரங்களை நிரை தவறாமல் சுற்றி வந்தவர். மேடும் பள்ளமும் ஓடையும் அவர் மனத்தில் படமாகப் பதிந்திருந்தன.

மனத்தில் படம் என்பது வெறும் பேச்சில்லை. இலண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற, சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். எலினோர் மெக்குவயர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அவர்களுடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்தனர். இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2006இல் அதே ஊர்ப் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். பேருந்துக்காரர்களும் நாள் முழுதும் ஓட்டுபவர்களே. ஆனால், குறித்த தடத்தில் மட்டும் செல்பவர்கள். டாக்சிக்காரர்களிடம் கண்ட அந்த வளர்ச்சி அவர்களிடம் இல்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊர் சுற்றுவதால் மட்டும் வழியறிவு வளராது. வழியைத் தானே யோசித்துத் தேட வேண்டும். கைத்தொலைபேசி சொல்லச் சொல்லத் திரும்புகிறவனும் பேருந்துத் தடத்தில் போகிறவனைப் போலத்தானே?

என் வகுப்பில் பிள்ளைகளை வீட்டிலிருந்து பள்ளி வரை வரைபடம் போடச் சொல்கிறேன். கைத்தொலைபேசியில், நாம் திரும்பினால் படமும் நம்மோடு திரும்பிவிடுகிறது. காகிதத்தில் வடக்கு வடக்காகவே நிற்கும். பிள்ளையின் மனந்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் திணறினார்கள். இப்போது ஓடையையும் ரொட்டிக் கடையையும் சரியான பக்கத்தில் வைக்கிறார்கள்.

பெற்றோர்களே, இதற்குக் காசு வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகும்போது பிள்ளையை முன்னால் நடக்க விடுங்கள். "கிழக்கு எது? அடுத்து எங்கே திரும்ப வேண்டும்?" என்று கேளுங்கள். தவறான சந்தில் நுழைந்தால் உடனே திருத்தாதீர்கள், கொஞ்சம் சுற்றட்டும். வீட்டிலே பாட்டி, தாத்தா இருந்தால் பழைய தோட்டத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பேட்டரி தீர்ந்துபோகும் நாளிலும் நம் பிள்ளைகள் வழி சொல்ல வேண்டும்.