பத்து மணிக்கு மெஷின் நிற்கும்

மெல்பர்ன் நகரின் தென்கிழக்கே, டாண்டெனாங் பக்கம், ஒரு கால்பந்து மைதானத்தை ஒட்டி நிற்கிறது அந்தத் தகரக் கொட்டகை. வாரத்தில் சில நாள் காலை ஒன்பதுக்குக் கதவு திறக்கும். உள்ளே நுழைகிறவர்களில் அறுபது வயதுக்குக் கீழே உள்ளவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ரம்பமும் லேத்தும் காதைப் பிளக்கும். மணி பத்தானதும் ஒருவர் போய்ச் சுவரிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். எல்லா மெஷினும் ஒன்றாக அடங்கும். பாதி அறுத்த பலகை பாதியிலேயே கிடக்கும், யாரும் பொருட்படுத்துவதில்லை. கெட்டில் கொதித்துவிட்டது.

இதை 'மென்ஸ் ஷெட்' என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டகைகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டுக்கொண்டு, ஆணியும் ஸ்க்ரூ டிரைவரும் கால் ஒடிந்த நாற்காலியுமாகப் பொழுதைக் கழிப்பது அந்த நாட்டு ஆண்களின் பழைய வழக்கம். ஓய்வு பெற்று, பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபோகும்போது முதலில் கைவிட்டுப் போவது அந்த ஷெட்தான். போனதைப் பொதுவில் மீட்டுக் கொடுத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா ஊரில் 1993இல் இதற்கு முன்னோடியான ஒரு பட்டறையைத் தொடங்கியவர் மேக்சின் சேஸ்லிங் என்ற பெண்மணி. டீ மேசையில் நான் இதைச் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரிலேயே முதன்முதலில் ஒன்று திறந்தது விக்டோரியா மாநிலத்து டொங்காலா என்ற பால்பண்ணை ஊரில், 1998 ஜூலையில். 2007இல் தேசிய அளவில் சங்கம் அமைந்தது. 2010இல் நாட்டின் ஆண்கள் உடல்நலக் கொள்கையிலேயே ஷெட்டுக்கு இடம் கிடைத்தது. அயர்லாந்து, பிரிட்டன், நியூசிலாந்து என்று அது கடல் தாண்டியும் போய்விட்டது.

சரித்திரம் இவ்வளவு போதும். உளிக்கு வருவோம்.

கதவுக்கு அருகிலுள்ள முதல் மேசை, பல வருடம் மெல்பர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவருடையது. அவருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வேறு யாரும் அங்கே நிற்பதில்லை. அவர் உயிராக வைத்திருப்பது முக்கால் அங்குல டைட்டன் உளி ஒன்று. டைட்டன் என்பது டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் நகரில் உளி செய்த கம்பெனி. பிற்பாடு ஸ்டான்லி என்ற கருவிக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. பழைய டைட்டன் உளி என்றால் ஆஸ்திரேலிய மரவேலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் விடியற்காலையே டார்ச்சோடு போய்த் துழாவுவார்கள்.

அவர் உளிக்குச் சாணை பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் அலகின் முதுகு. சரிந்த முகத்தைத் தீட்டுவதில்தான் எல்லோருக்கும் அவசரம். முதுகு கண்ணாடித் தட்டையாக இல்லாவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பிறகு தண்ணீர்க் கல்லில் சரிமுகத்தை வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, நீள இழுப்பு. சில இழுப்புக்கு ஒருமுறை கட்டைவிரலை முதுகுப் பக்கம் தடவிப் பார்க்கிறார். மயிரிழைப் பிசிர் ஒன்று அலகின் அகலம் முழுக்கத் தட்டுப்பட வேண்டும். ஒரு மூலையில் இல்லையென்றாலும் வேலை முடியவில்லை. பிசிர் வந்ததும் நுண்ணிய கல்லுக்கு மாறி, கடைசியில் தோல் பட்டையில் பின்புறமாக இழுத்து அந்தப் பிசிரை உதிர்க்கிறார். முன்கையில் மயிர் மழித்துக் காட்டுவது வித்தை காட்டுகிறவர்கள் வேலை என்பது அவர் கட்சி. அவருடைய சோதனை வேறு. மெத்தென்ற பைன் துண்டின் குறுக்கு வெட்டு முகத்தில் உளியை வைத்துத் தள்ளுகிறார். கூர் போதாத உளி அந்த நார்களை நசுக்கும். வெட்டிய இடம் வெளிறிப் பொடிப்பொடியாக நிற்கும். இவர் சீவிய இடம் மெழுகு தேய்த்ததுபோல் மின்னியது.

கொட்டகையில் காசு கொடுத்து வாங்கிய கைக்கருவி குறைவு. பெரும்பாலும் வீடு தேடி வந்தவை. கணவர் இறந்து சில மாதம் கழித்து ஒரு மூதாட்டி காரின் டிக்கியைத் திறப்பார். உள்ளே மூன்று நான்கு மரப்பெட்டி. பிள்ளைகளுக்கு வேண்டாம், குப்பையில் போடவும் மனம் வரவில்லை. கொட்டகையில் ஒருவருக்கு அதைப் பிரித்து அடுக்குவதே வேலை: துரு எடுத்தால் தேறுவது ஒரு பக்கம், விற்றுக் கொட்டகைக்குப் பணம் சேர்ப்பது ஒரு பக்கம், சுவரில் ஏற வேண்டியது ஒரு பக்கம். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சுற்றி வரைந்திருக்கிறார்கள். எது திரும்பி வரவில்லை என்பது சாயங்காலம் பார்த்தவுடன் தெரியும். பழைய மர இழைப்புளி ஒன்றின் முன்முகத்தில் மூன்று பேர் பெயர் முத்திரை குத்தியிருந்தது. முதல் பெயர் தேய்ந்து பாதிதான் மிச்சம். அந்தக் காலத்துத் தச்சர்கள் கருவி கைமாறும்போது முந்தைய பெயரை அழிக்காமல் கீழே தங்கள் பெயரைக் குத்திக்கொண்டார்கள்.

இரும்பு இழைப்புளிகளில் எல்லோரும் கை நீட்டுவது ஸ்டான்லி நான்காம் நம்பருக்கு. லெனார்ட் பெய்லி 1860களில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. 1869இல் ஸ்டான்லி கம்பெனி அதை வாங்கியது. அலகை ஏற்றி இறக்கும் திருகும், பிற்பாடு வந்த, பக்கவாட்டில் சரிசெய்யும் நெம்புகோலும் சேர்ந்து அது ஏறக்குறைய அப்படியே நிலைத்துவிட்டது. இங்கே அப்படி ஒன்று, சில வருடத்துக்கு முன் காலமான ஓர் உறுப்பினருடையது. அந்த இழைப்புளியை அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். "அவனை இப்படிக் கொடு" என்றால் புது ஆள் விழிக்க வேண்டியதுதான்.

மெஷின் பக்கம் உள்ளூர்ப் பெருமை டிரைட்டன். ஜார்ஜ் லூவின் என்ற மெல்பர்ன்காரர் சாதாரண வட்ட ரம்பத்தைத் தலைகீழாக மாட்டி, அதையே மேசை ரம்பமாக்கும் ஒரு சட்டத்தைச் செய்து, 1976இல் 'தி இன்வென்டர்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டினார். பெரிய மெஷினுக்கு வக்கில்லாத வீட்டுத் தச்சர்கள் தலைமுறை ஒன்றுக்கு அது கைகொடுத்தது. கொட்டகையில் இப்போது அதைவிடப் பெரிய மெஷின்கள் இருக்கின்றன. டிரைட்டனை மூலையில் தள்ளிவிட்டார்கள். தூக்கிப் போடச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

மரத்துக்குப் பஞ்சமில்லை. இடித்த வீட்டு உத்தரம், பழைய கட்டில், வெட்டி வீழ்த்திய ரெட் கம். ஆனால் பூட்டிய அலமாரியில் வைத்திருப்பது ஹுவான் பைன். டாஸ்மேனியாவின் மழைக்காடுகளில் வளரும் இந்த மரம் வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் பருக்கும். இரண்டாயிரம் வருடம் தாண்டி வாழும். பச்சை மரத்தை வெட்ட விடுவதில்லை. ஆற்றில் ஒதுங்கியது, ஏரியில் மூழ்கிக் கிடந்தது, பழைய வெட்டில் விட்டுப்போனது, இவ்வளவுதான் சந்தைக்கு வரும். வெண்ணெய் நிறம், இழைத்தால் வாசனை எழும். அதிலுள்ள மெத்தில் யூஜினால் என்ற எண்ணெய் பூச்சியை அண்ட விடாது. மூழ்கிய கட்டை உளுக்காமல் கிடப்பதும் அதனால்தான். அதன் இழைப்புச் சுருளைக்கூட அவர்கள் கூட்டித் தள்ளுவதில்லை. பையில் கட்டித் துணி அலமாரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

நான் போயிருந்த அன்றைக்குப் பெரிய வேலை பறவைப் பெட்டிகள். யூகலிப்டஸ் மரத்தில் கிளியும் போசம் என்ற மரவாழ் விலங்கும் குடியிருக்கும் அளவுக்குப் பொந்து விழ நூறு வருடத்துக்கு மேல் ஆகும். பழைய மரம் போய்விட்ட புறநகரில் பெட்டிதான் பொந்து. ரோசெல்லாக் கிளிக்குச் சுமார் ஏழு சென்டிமீட்டர் வாசல் போதும். அதைவிடப் பெரிதானால் வேறு யாராவது வந்து குடியேறிவிடுவார்கள். உள்ளே வாசலுக்குக் கீழ், பலகையில் குறுக்காக வரிவரியாக ரம்பத்தால் கீறி வைக்கிறார்கள். இழைத்த பலகையில் குஞ்சுகளால் ஏறி வெளியே வர முடியாது. அந்தக் கீறலைப் போட்டுக்கொண்டிருந்தவருக்குக் கை நடுக்கம். கோணல் விழுந்தாலும் குஞ்சுக்கு ஏறச் சௌகரியம்தான் என்பதால் அந்த வேலை அவருக்குப் போயிருக்கிறது. போன வருடம்வரை அவர் செய்தது இழுப்பறைக்குப் புறாவால் பூட்டு. வேலை மாறியதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசவில்லை.

உடல்நலத் துறைக்காரர்கள் ஷெட்டைப் பற்றி எழுதும்போது தனிமை, மனச்சோர்வு, பேச்சு என்று போகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால், பேசுவதற்காக வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் இவர்களில் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்; அதனால் வருகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் ரம்பக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் புராஸ்டேட் ஆபரேஷன் தேதி வெளியே வருகிறது. அதற்குப் பதில் "சரி, நான் வண்டியில் கூட்டிப்போகிறேன்" என்று ஒரு வரி. அதோடு பேச்சு மறுபடி பசைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு வாரம் ஒருவர் வராவிட்டால் போன் போகும். மூன்றாவது வாரம் யாராவது வாசலில் போய் நிற்பார்கள்.

கடைசி மேசையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். 1983க்குப் பிறகு ஊரை விட்டுக் கிளம்பியவர், எலெக்ட்ரிக்கல் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் வீடு கட்டும்போது கூரைக்குப் பனை வளையும் சிலாகையும் செதுக்கிய ஆசாரியாரின் பக்கத்திலேயே குந்தியிருந்ததுதான் அவருடைய தச்சுப் படிப்பு. "தம்பி, வீட்டில இருந்தா ரிவியைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். மகள் வேலைக்குப் போயிடுவா, பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடம். இங்க வந்தா ஆராவது ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, 'இதைப் பிடி' எண்டுவான்."

அவர் இப்போது கடைந்துகொண்டிருப்பது மரத்தில் ஓர் இடியப்ப உரல். முதலில் மெர்பாவ் மரத்தில் செய்தாராம். ஈரம் பட்டதும் செஞ்சாயம் விடுவதில் பேர்போன மரம் அது. வெள்ளை இடியப்பம் துருக்கறையோடு இறங்கியது. அடுத்தது வெட்டுப்பலகைக்குப் பயன்படும் மேப்பிளில். சாயம் இல்லை. ஆனால் சில வாரத்தில் உலக்கை உள்ளே போக மறுத்தது. டிராம்காரர்தான் காரணம் கண்டுபிடித்தார். ஈரம் ஏறினாலும் காய்ந்தாலும் மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசையாது. வளர் வளையத்தின் போக்கில் ஏற்படும் அசைவு, வளையத்துக்குக் குறுக்கே ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டமாகக் குடைந்த துளை நாளடைவில் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அதனால் மூன்றாவது உரலுக்கு மரத்தை முக்கால் பதம் கடைந்து, ஒரு பருவம் காய விட்டு, மறுபடி லேத்தில் ஏற்றியிருக்கிறார்கள். உலக்கைக்கும் துளைக்கும் இடையில் எவ்வளவு விடுவது என்பதில் இருவருக்கும் பல செவ்வாய்க்கிழமைகள் வாக்குவாதம் நடந்திருக்கிறது. நெருக்கினால் இறுகும், தளர்த்தினால் மாவு மேலே பிதுங்கும். இடியப்பம் என்றால் என்னவென்றே தெரியாமல்தான் டிராம்காரர் இதில் தலையைக் கொடுத்தார். அதன்பிறகு ஒருநாள் மார்னிங் டீக்குச் சொதியோடு அது வந்து சேர்ந்ததாம்.

அன்றைக்கு மிச்சமிருந்தது அடியில் பொருத்தும் பித்தளைத் தட்டு. அது ஓய்வு பெற்ற ஒரு டை மேக்கரின் பொறுப்பு. அவர் ஒன்றேகால் மில்லிமீட்டர் டிரில்லில் மாதிரிக்கு ஒரு தட்டு துளைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். துளைகள் அச்சில் வார்த்த மாதிரி வரிசை தப்பாமல் இருந்தன. யாழ்ப்பாணத்துக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இடியப்பமில்லை, தலைமயிர்" என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொல்லி, இரண்டு மில்லிமீட்டர் வேண்டும், அதுவும் குரக்கன் மாவுக்கு வேறு தட்டு என்றார். டை மேக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, கையால் பிழிவதற்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கும் என்று பென்சிலில் கணக்குப் போட ஆரம்பித்தார்.