ஸ்கேன் அறையில் டாக்டர் ஏன் பேசுவதில்லை?

அக்காவுக்கு ஐந்தாம் மாதம். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கேளம்பாக்கத்தில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. இன்ஜினியரிங் படிக்கிற பையனுக்கு இதில் என்ன தெரியும்? போகுமுன் தேடிப் படித்ததும் போய்ப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. சிரிக்கப்போகும் வகுப்பு நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அக்கா, அண்ணி இருக்கிறார்கள் :-)

இது எக்ஸ்ரே இல்லை, கதிர்வீச்சும் கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற டாக்டர், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை வைத்து ஆரம்பித்த வேலை. 1958-ல் லான்செட் இதழில் கட்டுரையாக வந்தது. (மெக்கானிக்கல் மக்களே, நீங்கள் படிக்கும் அல்ட்ராசோனிக் டெஸ்டிங்கேதான்!)

ஆரம்ப மாதங்களில் இதயத்துடிப்பு, எத்தனை வாரம், ஒன்றா இரட்டையா என்று பார்ப்பார்கள். வயிற்றின் மேல் எடுப்பதென்றால் தண்ணீர் குடித்து அடக்கி வரச் சொல்வார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்தின் பின்புற நீர் அளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேன். அது டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்லும், உறுதியாகச் சொல்லாது.

பெரிய ஸ்கேன் என்றால் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேன்தான். மூளை, உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கை கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் டாக்டர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் வயிற்றைக் கலக்கும்.

அக்காவுக்கு இதயத்தைப் பார்க்கும்போது டாக்டர் ரொம்ப நேரம் நிறுத்திவிட்டு, "கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா" என்றார். வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "ஏதோ இருக்குடா, என்கிட்ட மறைக்கறாங்க" என்றாள். விஷயம் வேறொன்றும் இல்லை. குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது! இருபது நிமிடம் நடந்த பிறகு திரும்பிக்கொண்டது, நான்கு அறைகளும் தெரிந்தன. டாக்டர் மௌனமாக இருப்பது பெரும்பாலும் அளந்துகொண்டிருப்பதால்தான். இதை உள்ளே போகுமுன்பே யாராவது சொல்லியிருந்தால் அக்கா அன்று அழுதிருக்க மாட்டாள்.

இன்னொன்று, தேதி. "ஆடி முடியட்டும், நல்ல நாள் பார்த்துப் போகலாம்" என்றார் அக்காவின் மாமியார். அக்கா சம்மதிக்கவில்லை. காரணம் இருக்கிறது. 2021 சட்டத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை கருக்கலைப்புக்கு ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-24 வாரம் சில பிரிவினருக்கு மட்டும், அதற்கு இரண்டு டாக்டர்கள் வேண்டும். அதற்கு மேல் கடுமையான குறை இருந்தால் மெடிக்கல் போர்டுதான் முடிவு செய்யும். கலைப்பது மட்டும் விஷயமில்லை. இதயக் கோளாறு முன்பே தெரிந்தால், அதற்கு ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் யோசிக்கக் கிடைக்கும் நேரத்தைத்தான் குறைக்கிறது. அதே சமயம், ஸ்கேனில் எல்லாக் குறையும் தெரிந்துவிடாது. இதயத்தில் உள்ள சின்ன ஓட்டைகள் தப்பிவிடும்.

"என்ன குழந்தை?" என்று கேட்காதீர்கள். 1994-ல் வந்த சட்டப்படி வாயால் மட்டுமல்ல, சைகையால் சொன்னாலும் குற்றம். ஸ்கேனுக்கு முன்பே, பாலினம் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று 'எஃப்' படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. அந்தக் கையெழுத்தை வெறும் சம்பிரதாயம் என்று நான் நினைக்கவில்லை.

பழைய ரிப்போர்ட்டுகள், கடைசி மாதவிலக்குத் தேதி, அடையாள அட்டை, பிக்மி எண் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஜெல் ஜில்லென்று இருக்கும், துடைக்க ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் எடை ஒரு கணக்குதான், பத்து பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அதைப் பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடமே கேளுங்கள்.