தாழ்ந்த பின்புறம்

சுமக்கும் வண்டியின் தளர்ச்சியை முதலில் உணர்பவர் அதன் பின்னே அமர்ந்திருப்பவரே. சென்ற ஆண்டு கே.கே. நகரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எமக்கு இதனைக் கற்பித்தது.

முதுகுவலியால் வருந்திய எம் தந்தையாரை வாரந்தோறும் பி.டி. ராஜன் சாலை வழியே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வழக்கம். வேகத்தடைகளில் பின்சக்கரம் மட்கார்டில் மோதும் ஓசை கேட்கும். ஒரு நாள் அவர், “இனி நடந்தே போகிறேனப்பா, உடம்புக்கு நல்லது” என்றார். யாமும் அதனை மெய்யென்றே கொண்டோம்.

பின்புறம் தாழ்ந்திருத்தலைக் கண்டு, சுருள்வில்லின் அடியிலுள்ள வளையத்தைக் கடைசிப் படிவரை திருகினோம். வண்டி உயர்ந்தது. ஆயினும், பள்ளத்தில் இறங்கி ஏறினால் நெடுநேரம் தொட்டில்போல் ஆடிற்று.

தெருமுனைப் பட்டறைப் பெரியவர் வளையத்தைப் பழையபடி தளர்த்தினார். சக்கரம் தொங்கும்படி வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கர அச்சிலிருந்து இருக்கையின் கீழிட்ட ஒரு குறிவரை அளந்தார். எம்மை அமரச்செய்து மீண்டும் அளந்தார். ஒருவர் அமருங்கால் சக்கரத்தின் முழு அசைவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தாழ்வது முறை. எம் வண்டியோ பாதிக்கு மேல் தாழ்ந்தது. ஷாக் அப்சார்பரின் தண்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. பனி நாட்டாரும் பனிமேலோடும் தம் மோட்டார் வண்டிகளை இவ்வாறே அளந்து சீர்செய்வர்.

வில்லின் நீட்சி அதன்மேற் செலுத்தும் விசையின் அளவினதே என இராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கினார். வளையத்தைத் திருகுவதால் வில் வலுப்பெறுவதில்லை. வண்டி நிற்கும் உயரமே கூடுகிறது. சுமையைத் தாங்குவது வில். ஆட்டத்தை அடக்குவது நுண்துளைகளின் வழியே புகுந்து மீளும் எண்ணெய். வில் தளர்ந்ததும் எண்ணெய் கசிந்ததும் இருவேறு நோய்கள். யாமோ இரண்டிற்கும் மருந்தாகாத ஒன்றைச் செய்திருந்தோம்.

“கசிந்த ஒன்றை மட்டும் மாற்றலாகாதோ?” என்றோம். “ஒரு கால் புதிது, மறு கால் பழையது என்றால் வண்டி நொண்டாதா, தம்பி?” என்று கூறி இரண்டையும் வில்லோடு மாற்றினார்.

மறுவாரம் தந்தையாரை வற்புறுத்தி ஏற்றிச் சென்றோம். முதல் வேகத்தடையைக் கடந்ததும், “இப்போது வலிக்கவில்லை” என்றார். நடந்து செல்வதாக அவர் கூறியதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

மாணவ நண்பர்காள்! வண்டியை அளக்குமுன், பின்னே அமர்ந்திருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.