தலைகீழாகப் பிடித்த பட்டியல்

பிப்ரவரியில் சூப்பர் பௌல் முடிந்த மறுநாள் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஷட்டர் இறக்கிவிடுவார்கள். மறுபடி நிஜமான ஆட்டம் நடக்க செப்டம்பர் ஆகும். நடுவில் ஏழு மாதம் ஒரு விசில் சத்தம் கிடையாது. ஆனால் அங்கே பேப்பரைத் திறந்தால் தினமும் ஃபுட்பால் செய்தி! பக்கம் பக்கமாக!

ஆட்டம் இல்லாத ஆட்டத்தைப் பற்றி என்னத்தை எழுதுவார்கள் என்கிறீர்களா? இதையேதான் என் அலுவலக நண்பரும் கேட்டார். "மேட்ச்சே இல்லாதப்ப என்னத்த சார் விழுந்து விழுந்து படிக்கறீங்க?"

ஆட்டம் நடக்கிற காலத்தில் நமக்கு நடுராத்திரி. இந்த ஏழு மாதத்துக்குத் தூக்கம் கெடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, நான் பி.காம். படித்தவன். ஆட்டம் நடக்கும்போது அது உடம்பு பலமாக இருப்பவர்கள் சமாசாரம். ஷட்டர் இறங்கியதும் கணக்குப்பிள்ளைகள் சமாசாரமாகிவிடும். அங்கே நமக்கும் ஒரு நாற்காலி உண்டு.

முதலில் லேசாக ஒரு அறிமுகம். என்.எஃப்.எல். என்கிற அந்த லீகில் மொத்தம் 32 அணிகள். நாலு நாலாகப் பிரித்து எட்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருகிற அணிக்கு அடுத்த சுற்றுக்கு டிக்கெட் உறுதி. அதனால் கோடை வந்தால் அங்குள்ள விளையாட்டு நிருபர்கள் அத்தனை பேரும் ஜோசியர் அவதாரம் எடுத்துவிடுவார்கள். இந்தப் பிரிவில் இவன் ஃபர்ஸ்ட், அவன் லாஸ்ட் என்று பட்டியல் பட்டியலாகப் போட்டுத் தள்ளுவார்கள். கிளி ஒன்றுதான் பாக்கி.

இந்தப் பட்டியல்களைப் பல வருடம் படித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. எல்லோரும் போன வருடத்து ரிசல்ட்டைத்தான் கொஞ்சம் பவுடர் பூசி இந்த வருடத்து ஆரூடம் என்று கொடுக்கிறார்கள். போன தடவை ஜெயித்தவன் இந்தத் தடவையும் முதல். போன தடவை மண்ணைக் கவ்வியவன் இந்தத் தடவையும் கடைசி. படிக்கிறவருக்கும் நியாயமாகத்தான் தோன்றும்.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். என்.எஃப்.சி. தெற்கு என்று ஒரு பிரிவு. 2002-ல் பிரிவுகளைத் திருத்தி அமைத்தபோது உருவானது. டாம்பா பே, அட்லாண்டா, கரோலினா, நியூ ஆர்லியன்ஸ் என்று நாலு அணிகள். முதல் வருடம் கடைசியில் நின்றது கரோலினா. 2003-ல் அதுதான் முதல். 2003-ல் கடைசி அட்லாண்டா. 2004-ல் அதுதான் முதல். 2004-ல் கடைசி டாம்பா பே. 2005-ல்? ஆமாம், அதுவேதான். 2005-ல் கடைசி நியூ ஆர்லியன்ஸ், 2006-ல் முதல். அந்த 2006-ல் டாம்பா பே தொபுக்கென்று கடைசிக்கு விழுந்தது. 2007-ல் எழுந்து திரும்ப முதலுக்கு வந்துவிட்டது.

ஐந்து வருடம். தொடர்ந்து ஐந்து! போன வருடத்துப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மேலே இருக்கிற பெயரைப் படித்தாலே போதும், நீங்கள் அமெரிக்காவின் தலைசிறந்த ஜோசியர்.

இது எதேச்சையாக நடந்ததா என்றால், பாதிதான் அப்படி. மீதிப் பாதியை உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

1930-களில் பெர்ட் பெல் என்று ஒருவர் இருந்தார். ஃபிலடெல்ஃபியா அணியின் முதலாளி. பணக்கார அணிகள் நல்ல ஆட்களையெல்லாம் வளைத்துப்போட, இவர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மனுஷன் மற்ற முதலாளிகளைக் கூட்டிவைத்து ஒரு யோசனை சொன்னார். கல்லூரி முடித்து வருகிற பையன்களை வரிசை போட்டு எடுப்போம். கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு, ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு. ஒப்புக்கொண்டார்கள்! 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பையனாக ஜே பெர்வாங்கரைத் தேர்ந்தெடுத்ததும் பெல்லின் அணிதான். பையன் என்ன செய்தான் தெரியுமா? கடைசிவரை இந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிற்பாடு ஃபோம் ரப்பர் வியாபாரத்துக்குப் போய்விட்டார். பாவம் பெல்.

நம் ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். ஏலத்தில் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். இங்கே கை தூக்குகிற வரிசையே தோல்வியை வைத்துத்தான். ஏப்ரல் மாதம் மூன்று நாள், ஏழு சுற்று. 2024-ல் டெட்ராய்டில் நடந்தபோது கூடிய கூட்டம் ஏழு லட்சத்துக்கும் மேல். மைதானத்தில் பந்து உருளாது. மேடையில் ஒருவர் பெயர் படிப்பார். அவ்வளவுதான். அதற்குத்தான் ஏழு லட்சம் பேர்.

அடுத்தது பணம். நில உச்சவரம்பு நமக்குத் தெரியும். அங்கே சம்பள உச்சவரம்பு. 1994-ல் கொண்டுவந்தபோது ஓர் அணி வீரர்கள் அத்தனை பேருக்குமாகச் செலவழிக்கக்கூடியது 3.46 கோடி டாலர். 2025-ல் அது 27.92 கோடி டாலர். நியூயார்க் அணியானாலும் சரி, லட்சம் பேர் மட்டும் வசிக்கிற கிரீன் பே அணியானாலும் சரி, ஒரே வரம்பு.

உச்சவரம்பு என்று ஒன்று வந்தால் அதைத் தாண்ட வழி கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? கண்டுபிடித்தார்கள். கையெழுத்துப் போடும்போது மொத்தமாக ஒரு போனஸ் கொடுப்பார்கள். ரொக்கம் இன்றைக்கே கைக்குப் போய்விடும். கணக்கில் மட்டும் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதிக்கொள்ளலாம். எங்கள் பி.காம். புரொஃபசர் 'டெஃபர்டு ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர்' என்று போர்டில் எழுதி உயிரை வாங்கினாரே, அதே சங்கதி! ஆள் நடுவில் போய்விட்டால் எழுதாத பாக்கி மொத்தமும் தலையில் விழும். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'டெட் மணி'. செத்த பணம்.

இதில் உச்சக்கட்டம் டென்வர். 2022-ல் ரஸ்ஸல் வில்சன் என்கிற நட்சத்திர குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற தளபதிக்கு, ஐந்து வருடம், 24.5 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டினார்கள். சரிப்படவில்லை. 2024 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். செத்த பணம் 8.5 கோடி டாலர், இரண்டு வருடத்துக்குப் பிரித்து. அவர் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடப் போனார். அவர்கள் கொடுத்தது குறைந்தபட்சச் சம்பளம், மீதியைக் கொடுத்தது டென்வர்! எதிராளி வீட்டு மாப்பிள்ளைக்கு நாம் தீபாவளிச் சீர் வைத்த மாதிரி. இந்த லட்சணத்தில் டென்வர் தேறாது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். என்ன ஆச்சு? டிராஃப்டில் எடுத்த புதுப் பையன் போ நிக்ஸை வைத்துக்கொண்டு 10 ஆட்டம் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள்.

எல்லாத் தோல்விக்கும் இது மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். டெட்ராய்ட் 1993-ல் பிரிவில் முதலாவது. அடுத்த முறை முதலாவது வந்தது 2023-ல். முப்பது வருடம்! வரிசையில் முன்னால் நிற்க வைக்கலாம். கத்திரிக்காயைச் சொத்தை பார்த்து எடுப்பது அவரவர் சாமர்த்தியம்.

இப்போது அந்த நியூ ஆர்லியன்ஸுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ஒரு ஆஃப் சீசன் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

2005 ஆகஸ்ட் 29. கத்ரினா புயல். கரைகள் உடைந்து ஊரில் எண்பது சதவிகிதம் தண்ணீரில். செயின்ட்ஸ் அணி ஆடுகிற சூப்பர் டோம் மைதானத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் தஞ்சம் புகுந்தார்கள். கூரை பிய்ந்தது, மின்சாரம் போனது, கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. உலகமே டி.வி.யில் பார்த்தது. அந்த வருடம் செயின்ட்ஸுக்குச் சொந்த மைதானம் கிடையாது. சான் அன்டோனியோவில் சில ஆட்டம், பேட்டன் ரூஜில் சில ஆட்டம். 'சொந்த ஊர்' ஆட்டம் ஒன்றை நியூயார்க் ஜயன்ட்ஸின் மைதானத்திலேயே அந்த அணிக்கு எதிராக ஆட வேண்டி வந்தது. 3 வெற்றி, 13 தோல்வி. அணி அப்படியே சான் அன்டோனியோவுக்குக் குடிபெயர்ந்துவிடும் என்று பேச்சு. வீடு போச்சு, வேலை போச்சு, இதுவும் போய்விடுமா என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

2006 ஜனவரியில் ஷான் பேட்டன் என்பவரைக் கோச்சாகப் போட்டார்கள். அதுவரை தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. மார்ச்சில் ட்ரூ ப்ரீஸ் வந்தார். இவரும் குவார்ட்டர்பேக். முந்தைய சீசனின் கடைசி ஆட்டத்தில் பந்து எறிகிற தோள் கிழிந்து பெரிய ஆபரேஷன் ஆனவர். எறிகிறவனுக்குத் தோள் போனால் என்ன மிச்சம்? மயாமி அணி யோசித்தது. அவர்களுடைய டாக்டர்களுக்குத் திருப்தியில்லை. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் ஆறு வருடம், 6 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தது. முழுகின ஊர், பழுதான தோள். ஒன்றை ஒன்று எடுத்துக்கொண்டன. ப்ரீஸ் அங்கே 15 சீசன் ஆடினார்.

ஏப்ரல் டிராஃப்ட். இவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. முதல் வாய்ப்பு ஹூஸ்டனுக்கு. எல்லோரும் ஹூஸ்டன் எடுக்கும் என்று நினைத்த ரெஜ்ஜி புஷ்ஷை அவர்கள் விட்டுவிட, இவர்கள் லபக்கினார்கள். அது தலைப்புச் செய்தி. கடைசிச் சுற்றில் 252-வதாக மார்கஸ் கோல்ஸ்டன் என்றொரு பெயர் படித்தார்களே, அது செய்தியே இல்லை. பின்னாளில் அணியின் முக்கியமான கைகள் அவருடையவைதான்.

ஒரு பக்கம் மைதானத்தைச் செப்பனிடக் கோடிக்கணக்கில் டாலர் கொட்டினார்கள். ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லாதபோது ஸ்டேடியத்துக்கு என்ன அவசரம் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதே ஊர்தான் அந்த வருடம் சீசன் டிக்கெட் முழுவதையும் வாங்கித் தீர்த்தது. அந்த அணியின் சரித்திரத்தில் முதல் முறையாக! பெரும்பாலான ஆரூடங்களில் அடிவரிசையில் கிடந்த அணிக்கு!

இங்கே ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டியல் போடுகிறவர்கள் தாண்டிப் போகிற மாதம் அது. இப்போதைய விதிப்படி பயிற்சிக்கு ஓர் அணி 90 பேரை அழைக்கலாம். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான். 32 அணியிலும் தலைக்கு 37. பெருக்கிப் பாருங்கள். 1,184. ஏறக்குறைய 1,200 இளைஞர்களுக்கு ஓரிரு நாளில் வேலை போகும். சிலரை மட்டும் பயிற்சிக் குழுவில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். காலையில் ஒருவர் வந்து, "கோச் கூப்பிடறார், உன் பிளேபுக்கையும் எடுத்துட்டு வா" என்பார். அப்படிக் கூப்பிட வருகிறவருக்கு வீரர்கள் வைத்திருக்கிற செல்லப் பெயர் 'துருக்கியன்'. அறைக்கதவு தட்டினால் வயிற்றைக் கலக்குமாம்.

2000-ம் வருடம் ஸ்டீவ் கிளீசன் என்று ஒருவர். டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. இந்தியானாபோலிஸ் அணி சும்மா கூப்பிட்டுப் பார்த்தது, சீசன் தொடங்குமுன் அனுப்பிவிட்டது. பிறகு செயின்ட்ஸ் பயிற்சிக் குழுவில் ஓர் இடம் கிடைத்தது. பெரிய ஆளெல்லாம் இல்லை. பந்தை உதைக்கிற சமயத்தில் மட்டும் ஓடுகிற சிறப்புக் குழு வேலை.

2006 செப்டம்பர் 25, திங்கள் இரவு. சூப்பர் டோம் மறுபடி திறக்கிறது. எதிரே அட்லாண்டா. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அட்லாண்டாவால் முன்னேற முடியாமல் பந்தைத் தூக்கி உதைக்க நிற்கிறார்கள். நடுவில் ஒரு சந்து. கிளீசன் அதில் புகுந்து, இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்து, உதைத்த பந்தை அப்படியே அடித்துத் தள்ளினார். அது உருண்டு போக, கர்ட்டிஸ் டிலோச் விழுந்து பிடித்தார். டச்டவுன். அந்தச் சத்தத்தைப் பதிவில் கேட்டாலே போதும், நான் விவரிக்க வேண்டியதில்லை.

23-க்கு 3 என்று ஜெயித்தார்கள். அந்த வருடம் பிரிவில் முதல். 2010 பிப்ரவரியில் சூப்பர் பௌலும் வந்தது.

கிளீசனுக்கு 2011-ல் ஏ.எல்.எஸ். நோய் என்று தெரிந்தது. கை, கால், குரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிற வியாதி. கண்ணசைவைக் கொண்டு கம்ப்யூட்டர் வழியாகப் பேசினார், அதே வியாதிக்காரர்களுக்கு அதுபோன்ற கருவிகள் கிடைக்கப் போராடினார். சூப்பர் டோமுக்கு வெளியே 2012-ல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டு கையையும் நீட்டிப் பந்தின் மேல் பாய்கிற கிளீசன். சிலைக்குப் பெயர் 'மறுபிறப்பு'.